ஊதா மஞ்சளாக வேண்டும்

ஊதா அசையவே இல்லை.

“மஞ்சளாகும்னீங்களே?” என்றார் இயக்குநர், கைகளைக் கட்டிக்கொண்டு.

“ஆகும் சார்,” என்றாள் பாசியம்மா. கடற்பாசியோடு மாரடித்து மாரடித்து ஆய்வுக்கூடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

விஷயம் எளிமையானது. பொருள்கள் ஆக்சிஜன் பட்டுக் கெடுவதைத் தடுக்கும் சத்து கடற்பாசிச் சாற்றில் உண்டு. ஆனால் வெயில் பட்டால் சத்தே செத்துவிடும். அதனால் சாற்றைப் பொடித்துளிகளாக்கி, பாசியிலிருந்தே எடுத்த பசையால் ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டிருந்தாள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கணக்கான துளிகள் வரிசைகட்டி நிற்கும், அவ்வளவு சின்னவை. சத்து உயிரோடிருந்தால், ஃபிரிட்ஜில் கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கும் ஊதாச் சோதனைத் திரவம் வெளுத்து மஞ்சளாகும். செத்திருந்தால் ஊதா ஊதாதான்.

வெயிலில் காய்ந்த வெறும் சாறு எதிர்பார்த்தபடியே தோற்றது. அதே வெயிலில் காய்ந்த, சட்டை போட்ட சாறும் தோற்றால் இன்றோடு அவள் திட்டத்துக்கு மூடுவிழா.

“சட்டைக்குப் பட்டன் கழட்ட மறந்துட்டீங்களோ?”

“இப்பக் கழட்டி சத்த வெளிய விடறேன்.”

கலக்கியை முடுக்கினாள். நுரை பொங்கி இயக்குநரின் கோட்டில் தெறித்தது.

கலவையை ஒலி அதிர்வுக் கருவியில் வைத்தாள். சட்டை கிழிந்ததோ இல்லையோ, சூடேறிய பாசி வராந்தா வரை மீன் சந்தை வாடையைக் கிளப்பியது.

“என்னம்மா இது, மூக்கே போச்சு!”

“காரம் பட்டா இந்தப் பசை இளகிடும் சார்.” சோடா உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

நிறம் மாறியது. பச்சையாக.

“மஞ்சள் கேட்டா பச்சை காட்டுறீங்க! அடுத்து சிவப்பா? டிராஃபிக் சிக்னலா நடத்துறீங்க?”

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் திரவம் பச்சையானதே இல்லை.

“போதும். சாமான எல்லாம் கட்டுங்க.”

“மாட்டேன்.”

“என்னது?”

“என் துளி தப்புப் பண்ணாது சார். தப்பு வேற எங்கயோ இருக்கு. கண்டுபிடிக்காம இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். வேணும்னா நாற்காலியோட தூக்கி வெளிய வைங்க.”

இயக்குநர் நிஜமாகவே நாற்காலியைப் பிடித்தார். அவள் மேசையை இறுகப் பிடித்தாள். மேசையும் சேர்ந்து நகர்ந்தது.

அப்போது அவருடைய டிரைவர் காலித் தம்ளரோடு வாசலில் தலையை நீட்டினார்.

“சார், ஃபிளாஸ்க் ஒழுகுதுன்னு காலையில உங்க திராட்சை ஜூஸ இந்த ஃபிரிட்ஜுல ஒரு கண்ணாடிக் குப்பியில ஊத்தி வெச்சேனே, யாராச்சும் எடுத்தீங்களா?”