எந்த மேனேஜர் என்று கேட்காதவன்

எந்த ஊரிலும் பந்தை உதைக்கிறவர்கள் பதினோரு பேர்தான். அவர்களை எப்படி உதைக்க வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் மீதி ஊர் முழுக்க இருப்பார்கள். கள்ளக்குறிச்சியில் அந்த மீதி ஊருக்குத் தலைவனாக நான் என்னையே நியமித்துக்கொண்டிருந்தேன். பந்தை உதைத்தால் பந்து ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் போகும் ரகம் நான். ஆனால் பேச்சில் என்னை மிஞ்ச ஆளில்லை.

எங்கள் நீலக்கொடி கால்பந்துக் கழகத்தை ஆரம்பித்தவர் ஒரு அரிசி ஆலை மேனேஜர். பயிற்சி கொடுப்பது, ஆளைப் பொறுக்குவது, தோற்றால் திட்டுவது எல்லாம் அவரே. அதனால் அந்தப் பதவிக்கே மேனேஜர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஈரோட்டுக்குக் குடிபெயர்ந்ததும், அடுத்த மேனேஜர் யார் என்று பஷீர் பாயின் சைக்கிள் கடையில் தினமும் விவாதம் நடந்தது. (பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூடக் கருத்துச் சொல்லிவிட்டு, பஞ்சரை மறந்து தள்ளிக்கொண்டே போனார்கள்.)

"ரிஷிவந்தியத்துல ரிட்டையராயி குந்திகினு இருக்காரே டிரில் மாஸ்டரு, அவரு வந்தாதான் ஒழுங்கு வரும்" என்பார் பாய்.

"அவரு வந்தா கொட்டாவி வுட்டாகூட மைதானத்த சுத்தி ஓடுன்னுவாரு பாய். வெள்ளிமலை வாத்தியாரக் கூப்புடுங்க" என்பான் எங்கள் கோல்கீப்பர் பழனி.

"அவரு எதிர் டீமுடா! நாம தோத்தா அவரு வூட்ல பாயசம் வெப்பாங்க!"

பாதி பேர் மாஸ்டர் பக்கம், பாதி பேர் வாத்தியார் பக்கம். அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "மெட்ராஸ்ல பெரிய டீமுக்கு ஆடுனவரு ஒருத்தரு, எங்க மாமாவுக்கு உயிர் சிநேகிதம். நான் கூப்ட்டா வருவாரு." (உயிர் சிநேகிதம் என்றால், இருவரும் ஒரே கடையில் முடி வெட்டிக்கொள்பவர்கள்.)

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழமை வெள்ளிமலை டீமோட ஆட்டம். அதுக்குள்ள கூட்டியா சேகரு. இல்லன்னா கழகச் செயலாளர் பதவிய வுட்டுடு."

பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு உலகத்திலேயே இருந்த ஒரே பதவி அது. அப்பா ஒரு வங்கியில் கேஷியர். சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னைச் செல்லாத நோட்டைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பதவியும் போனால் பார்ப்பதையும் நிறுத்திவிடுவார். மருந்துக்கடை போனில் மாமாவைப் பிடித்துக் கெஞ்சினேன். "வர்றேன்னுட்டாருடா. பெரிய மீசை, கையில தோல் பை" என்று அடையாளம் சொன்னார். பெயரும் சொன்னார். போனில் இரைச்சல். சரி, பெயரா பந்து ஆடப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தியாகதுருகம் சாலையில் புளியமரம் குறுக்கே கிடந்தது. பஸ் ஏதும் இல்லை. பாயிடம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மிதித்தேன். மறியலின் முன்வரிசையில் எங்கள் பழனி உட்கார்ந்திருந்தான். ஒரு லாரியைக்கூடத் தாண்டவிடாமல் அவன் காவல் காத்த அழகைப் பார்த்து என் கண் கலங்கியது. மைதானத்தில் இதில் பாதி காத்திருந்தால் நாங்கள் மாநிலக் கோப்பையே வாங்கியிருப்போம்.

"மேனேஜரக் கூட்டியாரப் போறியா? போ. ஆனா வாத்தியாருதான் வரணும்னு நான் சொன்னது சொன்னதுதான்" என்று வழிவிட்டான். சாயங்காலம் ஆட்டத்துக்கு வந்துவிடுவதாகவும் சொன்னான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுபோன பஸ்களிலிருந்து ஜனங்கள் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை காத்திருந்து, அந்தக் கூட்டத்தில் கண்டேன். பெரிய மீசை. தோல் பை. இரண்டும் ஒரே ஆளிடம்.

"சார், நீங்க மேனேஜருங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "ஆமா தம்பி! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூஞ்சப் பாத்தாலே தெரியுதுங்களே! ஊரே உங்களுக்காகக் காத்துகினு இருக்குதுங்க."

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். நல்ல கனமான மேனேஜர். வழியெல்லாம் பேச்சு. "போன மேனேஜர் காலத்துல எப்படி?" என்று அவரே ஆரம்பித்தார்.

"அத ஏன் கேக்கறீங்க. வாங்குனது ரொம்ப ஜாஸ்தி, போட்டது ரொம்ப கம்மிங்க." நான் சொன்னது கோல்களை.

"எல்லா ஊர்லயும் இதே வியாதிதான்" என்று பெருமூச்சு விட்டார். "இனிமே அது நடக்காது. முதல்ல போடணும். போட்டவங்கதான் வாங்கலாம்."

எனக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு தத்துவத்தை எந்த டிரில் மாஸ்டர் சொல்வார்?

மைதானத்தில் மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். வெள்ளிமலை டீம், பஸ் இல்லாததால் மலையிலிருந்து நடந்தே வந்திருந்தது. வந்த களைப்பே இல்லாமல் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அவர்கள் ஓடுவதைப் பார்த்தே மூச்சு வாங்கியது.

"நான் போன எந்த ஊர்லயும் இப்படி வரவேற்பு வெச்சதில்ல. ஆட்டம்கூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்க!" என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.)

இடைவேளையில் மூன்று கோல் பின்தங்கியிருந்தோம். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "மேனேஜர், நாங்க இன்னா பண்ணணும்? சொல்லுங்க" என்றான் தடுப்பாட்டக்காரன் காசிம். பாயின் மகன், ஆள் மாட்டு வண்டி அகலம்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. எதிர்ல யார் வந்தாலும், எவ்வளவு வேகமா வந்தாலும், முதல்ல உட்கார வெச்சிடணும். அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே லேசாகத் திக்கென்றது. ஆனாலும் செயலாளர் அல்லவா? "மெட்ராஸ் ஆட்டம்னா அப்படித்தான்டா" என்று விளக்கம் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் வெள்ளிமலையின் முன்னணி ஆட்டக்காரன் பந்தோடு பறந்து வந்தான். காசிம் அவனை உட்கார வைத்தான். அவன் உட்கார்ந்த வேகத்தில் மைதானமே அதிர்ந்தது. விசில். கூச்சல். வெள்ளிமலைக்காரர்கள் மொத்தமாக ஓடி வந்தார்கள். காசிம் அழாத குறையாக எங்கள் நாற்காலியைக் கைகாட்டினான். "அவருதான் உட்கார வெக்கச் சொன்னாரு!"

மேனேஜர் மாலையோடு மைதானத்துக்குள் பாய்ந்தார். "ஐயையோ, நாற்காலியில உட்கார வைக்கச் சொன்னேன்பா!"

நடுவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"மேனேஜர்."

"எந்த டீமுக்கு?"

"டீமா? நான் பேங்க் மேனேஜர்! நாளைக்கு இந்த ஊர்ல பதவி ஏத்துக்கறேன்!"

பஷீர் பாய் என்னைப் பார்த்தார். பழனி என்னைப் பார்த்தான். வெள்ளிமலை வாத்தியார்கூடப் பார்த்தார். ஓடிவிடலாம் என்று திரும்பினால், மைதான வாசலில் வாடிய மாலையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். புது மேனேஜரை வரவேற்க விடிந்ததிலிருந்து பஸ் நிலையத்தில் காத்திருந்து, யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார்.

"சார், நான் கேஷியர் ராமலிங்கம். உங்கள எங்கெல்லாம் தேடறதுங்க!"

"இந்தத் தம்பிதான் கூட்டிக்கிட்டு வந்தாரு" என்று மேனேஜர் என்னைக் காட்டினார். "உங்களுக்குத் தெரிஞ்ச பையனா?"

அப்பா என்னை நிதானமாகப் பார்த்தார். முப்பது வருட உத்தியோகம் அவர் கண்ணில் ஓடியது.

"யாருன்னு தெரியல சார்" என்றார்.

மேனேஜர் அவர் மூக்கையும் பார்த்தார், என் மூக்கையும் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அடிபட்ட வெள்ளிமலைப் பையனை அதே நாற்காலியில் உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, தன் மாலையையும் அவன் கழுத்தில் போட்டார். வெள்ளிமலைக்காரர்கள் கோபத்தை மறந்து கைதட்டினார்கள். மீதி ஆட்டத்தில் எங்களுக்கு இன்னும் இரண்டு கோல் விழுந்தது. அதற்கும் அவர் கைதட்டினார்.

உண்மையான மெட்ராஸ்காரர் பஸ் கிடைக்காமல் பாதி வழியில் திரும்பிவிட்டாராம். நாங்களும் மறுபடி கூப்பிடவில்லை. மாஸ்டர் கோஷ்டியும் வாத்தியார் கோஷ்டியும் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் பேங்க் மேனேஜர்தான். மாற்றலாகிப் போகும்வரை ஞாயிறுதோறும் மைதானத்துக்கு வந்தார். கோல் விழும்போதெல்லாம் "வாங்காதீங்கப்பா, போடுங்க!" என்று கத்துவார். செயலாளர் பதவி பழனிக்குப் போனது.

அப்பா என்னோடு பேச ஒரு வாரமானது. ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியம் எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. என் கல்யாணத்தில் ஐயர் அப்பாவிடம் மாப்பிள்ளை பெயரைக் கேட்டபோது, பந்தியில் இருந்த காசிம் கையில் லட்டோடு "யாருன்னு தெரியல சார்!" என்று கத்தினான். நான் தப்பான மருந்து வாங்கி வந்தாலும், தப்பான பஸ்ஸில் ஏறினாலும் என் மனைவி பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அதையேதான் சொல்வாள்.

போன மாதம் பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரப் போனேன். புதிதாக வந்த டீச்சர் வாசலில் மறித்து, "யாருடா இவங்க?" என்று அவனைக் கேட்டார். யு.கே.ஜி. படிக்கிற பயல் என்னை நிதானமாக மேலும் கீழும் பார்த்தான்.

"யாருன்னு தெரியல மிஸ்" என்றான்.

என் மகள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்கள் இருவரையும் வெளியே விட்டார்கள்.