புல்தரையில் பணிந்த புறா

காலடிப்பேட்டையில் அந்த நாட்களில் எல்லோரும் ஒரே திசையில் நடந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால்கூட அவ்வளவு வேகமாக நடக்காதவர்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், தகர வேலிக்குள் சரணாகதி சுவாமிகள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கிரவுண்டு அளவுக்குப் புல்தரை. வேப்பிலையே சாம்பல் நிறத்தில் இருக்கும் ஊர் இது. காயப்போட்ட வெள்ளைச் சட்டை கொடியிலிருந்து இறங்கும்போது வேறு சட்டையாகியிருக்கும். இங்கே ஒருத்தர் கண்ணைப் பறிக்கும் பச்சையில் புல் வளர்த்தால் அதுவே பாதி அற்புதம். மீதிப் பாதியைப் பறவைகள் செய்தன.

குருவி, மைனா, புறா எல்லாம் அந்தப் புல்லில் இறங்கும். பக்தர்கள் வீசும் அரிசியைக் கொத்தும். கொஞ்ச நேரத்தில் தள்ளாடும். பிறகு தலையைத் தொங்கப் போட்டு அலகால் தரையைத் தொடும்.

"பட்சிகளும் எம்மைப் பணிகின்றன. ஆறறிவு கொண்ட மானிடா, உனக்கென்ன தயக்கம்?" என்பார் சுவாமி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பறவைகள் சுவாமியைப் பார்த்து மட்டுமா விழுந்தன? மோட்டார் கொட்டகையைப் பார்த்தும் விழுந்தன, கக்கூஸைப் பார்த்தும் விழுந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் சொல்லவில்லை. விழுந்து எழாதவற்றுக்கு முக்தி கிடைத்துவிட்டதாகச் சொல்லி ஒரு தொண்டர் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போவார். கோணிப்பை வழியாக முக்திக்குப் போவது எந்தச் சமயத்தில் உண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

புல்தரை ஓரத்தில் பாட்டில்களில் அருகம்புல் சாறு விற்றார்கள். சர்க்கரை நோய், கடன், கோர்ட்டு வழக்கு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அதே சாறு. பாட்டில் அளவு மட்டும் மாறும்.

ரூத் விலங்கியல் பட்டதாரி. கூட்டத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் தொண்டை காய்ந்துவிடும். ஷேர் ஆட்டோவில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது சொல்லும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள். அவள் அக்கா அடைக்கலமேரிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை இல்லை. மேரி வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறாள், தர்காவில் கயிறு கட்டியிருக்கிறாள், வேப்பமரத்தில் தொட்டில் கட்டியிருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? தெருவில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்கும் முன் வயிற்றைப் பார்த்தார்கள்.

மேரியின் கணவன் கஸ்பாருக்குத் துறைமுகத்தில் வேலை, மொட்டைமாடியில் பந்தயப் புறாக்கள். அவற்றில் ரோசி என்ற புறா ஒருநாள் கூண்டுக்குத் திரும்பவில்லை. தேடிப் போனால் சுவாமியின் புல்தரையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"குடுத்து வச்சவன் நைனா நீ. உன் புறாவே சாமிக்கு வணக்கம் வச்சிகினு கீது," என்றாள் இட்லிக் கடை பட்டம்மாள்.

"புறா பொட்டையப் பார்த்தாத்தான் குனியும். சாமி இன்னா பொட்டையா?" என்றான் கஸ்பார்.

நாலு பேர் அவனை அடிக்க வந்தார்கள். புறாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். வீட்டுக்கு வருவதற்குள் அது செத்துவிட்டது.

ரூத் கையுறை போட்டுக்கொண்டு, மாடியில் பழைய செய்தித்தாள் விரித்து, புறாவின் தொண்டைப்பையைக் கீறிப் பார்த்தாள். அரிசி, கம்பு. நடுவே ஊதா நிறத்தில் மணல் போலச் சின்னச் சின்னக் குருணை. மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்து, புல்லை விலக்கி வேரைப் பார்த்தாள். அதே குருணை.

"புல்லுல வேர்ப்புழு வராம இருக்கத் தூவுற மருந்து மாமா," என்றாள் கஸ்பாரிடம். "புறாவுக்குப் பல்லு இல்லல்ல. தீனிய அரைக்கப் பொடிக்கல்லு முழுங்கும். இது பார்க்கப் பொடிக்கல்லு மாதிரியே கீது. நாலஞ்சு உள்ள போனாப் போதும், நரம்பு தளர்ந்து தலை நிக்காது."

"வணக்கம் இல்லையா அது?"

"விஷம்."

மேரியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "போடி. சாமி ஏற்கெனவே சொல்லிட்டாரு. அது நீலமணி. பூமிக்குள்ளேர்ந்து தானா வருது. குடுப்பினை உள்ள பட்சிக்குத்தான் கிடைக்குமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாட்டில் சாறு ரெண்டு மாசமாக் குடிக்கிறேன், ஒண்ணும் ஆவல. நம்ம ரோசி கும்பிட்ட எடத்துலயே அருகம்புல்லு பறிச்சிகினு வந்துட்டேன். வெள்ளிக்கிழமை காலைல அரைச்சு, அங்கயே அவர் காலடில குடிக்கப்போறேன்."

ரூத் யோசித்தாள். அந்தப் புல்லை எடுத்துக் குப்பையில் போட்டால் மேரி மறுபடி பறிப்பாள். மருந்து என்று கத்தினால் கூட்டம் உதைக்கும். அறிவியலைச் சொன்னால் அடிக்கிற கூட்டம், பக்தியைச் சொன்னால் வழிவிடும். ரூத் பக்தையானாள்.

"அக்கா, நானே அரைச்சுத் தரேன். ஒண்ணு மட்டும் செய். சாமிய முதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுக்கச் சொல்லு. அவர் வாய் பட்டாத்தானே பிரசாதம்?"

மேரி தங்கையைக் கட்டிக்கொண்டாள். "இப்பத்தான்டி உனக்குப் புத்தி வந்துகீது."

வெள்ளிக்கிழமை. சுவாமி கண் திறக்கும் முன்பே கஸ்பார் ஒரு பெரிய தார்ப்பாயோடு போய் நின்றான்.

"சாமி, போன தபா தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க. புல்லு மேல கண்டவன் கால் படுது. அதான் இந்தத் தார்ப்பாய், என் காணிக்கை. இன்னிக்கு ஒருநாள் விரிச்சு வைக்கணும்."

காணிக்கையை வேண்டாம் என்று சொல்லி சுவாமிக்குப் பழக்கமில்லை. தார்ப்பாய் புல்தரையை முழுக்க மூடியது. பக்தர்கள் அதன்மேல் அரிசி வீசினார்கள். பறவைகள் இறங்கின. கொத்தின. கூட்டம் கைகளைக் கூப்பிக்கொண்டு காத்திருந்தது.

ஒரு மைனா பக்கத்து மைனாவைத் துரத்தியது. ஒரு குருவி றெக்கையைக் கோதியது. வயிறு நிறைந்ததும் எல்லாம் கிளம்பின. போகும்போது ஒரு புறா சுவாமியின் காவித் துண்டில் தன் காணிக்கையை விட்டுச் சென்றது. எதுவும் தலை குனியவில்லை.

"இன்னா சாமி, ஒண்ணு கூடப் பணியல?" என்றாள் பட்டம்மாள்.

"இன்று பட்சிகள் மௌன விரதம் தாயே."

"அதுங்க கத்திகினுதானே போச்சு?"

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. அற்புதம் நடக்காத நாளிலும் அற்புதத்தை நம்புவதுதான் பக்தி என்று தொண்டர் ஒலிபெருக்கியில் சொன்னார். பலருக்கு அது நியாயமாகப் பட்டது.

அப்போது மேரி எவர்சில்வர் டம்ளரோடு முன்னால் போனாள். டம்ளரில் கெட்டியான பச்சைச் சாறு. ஒட்டிக்கொண்டது போல ரூத்தும் கூடப் போனாள்.

"சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க. மிச்சத்த நான் குடிக்கிறேன்."

"எமது கடையில் வாங்கியதுதானே தாயே?" சுவாமி புன்னகையோடு கை நீட்டினார்.

"இல்ல சாமி. உங்க காலடில, என் புறா கும்பிட்ட எடத்துல நானே பறிச்சது."

நீட்டிய கை அப்படியே நின்றது. புன்னகை முகத்தில் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

"யாம் உபவாசம்."

"ஒரு சொட்டு சாமி. நாக்குல வச்சாப் போதும்."

"அதைக் கீழே ஊற்றிவிடு தாயே."

"உங்க காலடிப் புல்ல ஊத்துறதா? அப்படியே குடிச்சுடுறேன்." மேரி கண்ணை மூடி டம்ளரை வாயருகே கொண்டு போனாள்.

சுவாமி ஆசனத்திலிருந்து பாய்ந்தார். கையை ஓங்கி ஒரு தட்டு. பாதிச் சாறு தார்ப்பாயில் சிதறியது. டம்ளர் விழுவதற்குள் ரூத் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, சாவணுமா நீ? அதுல பூச்சி மருந்து கீதும்மா. ஒரு மூட்டை தூவி வச்சிகீறேன். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ்காரன் என்னியத்தானே தூக்குவான்."

அத்தனை நாள் செந்தமிழில் அருளிய வாயிலிருந்து சுத்தமான வடசென்னை வந்தது. முதல்முறையாக அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

கஸ்பார் மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்தான். சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்ட மூட்டைகள் அடுக்கியிருந்தன. சுவாமிக்குப் பூர்வாசிரமத்தில் கிருஷ்ணப்பன் என்று பெயர். பங்களாக்களுக்குப் புல்தரை போட்டுக் கொடுக்கும் ஆள். மருந்து தூவிய நாளெல்லாம் பறவை தலை தொங்குவதைப் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்தால் மருந்தை நிறுத்துவார்கள். அவர் காவி வாங்கினார்.

"அப்போ நான் ரெண்டு மாசமாக் குடிச்சது?" மேரியின் குரல் உடைந்தது.

"அது மார்க்கெட்டுப் புல்லும்மா. மருந்து கிருந்து கலீஜ் ஒண்ணும் இல்ல. நான் இன்னா கொலைகாரனா?"

"என் ரோசி?" என்றான் கஸ்பார். கிருஷ்ணப்பன் வேலியை நோக்கி நடக்கப் பார்த்தார். தொண்டர் ஏற்கெனவே வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

ரூத் டம்ளரில் மிச்சமிருந்த சாற்றை எல்லோரும் பார்க்கக் குடித்தாள்.

மேரி அலறினாள். "துப்புடி ரூத்து, துப்பு."

"உன் புல்ல நேத்தே பொட்டலமாக் கட்டி எடுத்து வச்சுட்டேன்க்கா. போலீஸ்ல குடுக்கணும். இது மார்க்கெட்டுல வாங்குன அருகம்புல்லு." அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர்கிட்டப் போலாம்க்கா. மாமாவும் வரட்டும். ரெண்டு பேரையுந்தான் பார்க்கணும்."

கஸ்பார் தார்ப்பாயைச் சுருட்டுவதில் திடீரென்று மும்முரமானான். பிறகு நிமிர்ந்து, "வரேன்," என்றான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பட்டம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

"விஷம்னு எல்லாரும் நடுங்குறப்போ சிரிச்சிகினே குடிச்சுதே இந்தப் பொண்ணு. இதுகிட்ட ஏதோ சக்தி கீது," என்று சொல்லி ரூத்தின் காலடியில் தலையைத் தாழ்த்தினாள். பின்னால் இன்னும் நாலு தலைகள் தாழ்ந்தன. ஐந்தாவது ஆள் காணிக்கைக்காக மடியைத் துழாவினார்.

ரூத்துக்குத் தொண்டை காய்ந்தது. இருந்தாலும் இந்த முறை அவள் நிறுத்த வேண்டிய இடத்திலேயே நிறுத்தச் சொன்னாள்.

"எழுந்திருங்க அக்கா. விஷம் துன்ன புறாவுக்குத்தான் தலை நிக்காது. நீங்க எல்லாரும் இன்னா துன்னீங்க?"