யார் ஆட்சியில் நாக்கு நீலமானது?

அறந்தழை நாட்டில் எந்தக் குறைக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. கடைத்தெருவில் குழி விழுந்தால் அதை மூட மண்வெட்டியோடு யாரும் ஓடிவர மாட்டார்கள். முதலில் ஓர் அலுவலர் வருவார். குழியை மூன்று முறை சுற்றி வருவார். "இது எந்த ஆட்சியில் விழுந்த குழி?" என்று கேட்பார். போன ஆட்சியில் விழுந்தது என்று தெரிந்தால் மேளதாளத்தோடு மூடி, பக்கத்திலேயே ஒரு கல்வெட்டும் நடுவார்கள். நடப்பு ஆட்சியில் விழுந்தது என்றால் அது குழியே அல்ல. நடப்பு ஆட்சியில் குழிகள் விழுவதில்லை என்று சட்டம் இருந்தது. சட்டத்தை மதித்த குடிமக்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவசரத்தில் போனவர்கள் விழுந்தார்கள்.

குறையின் தேதியை எழுதித் தருவதற்குப் பிழைக்காலச் சான்று என்று பெயர். ஒழுகும் கூரையிலிருந்து ஊத்தைத் தண்ணீர் வரை எதற்கும் அது வேண்டும். அதை வழங்கிய அலுவலர் தண்டாயுதம் எந்த ஆட்சியிலும் இடம் மாறாதவர். அவர் தலைக்கு மேலே ஒரு தலைவர் படம் தொங்கும். அதைத் திருப்பி மாட்டினால் பின்புறத்தில் மற்றத் தலைவர் சிரிப்பார்.

அந்த நாட்டில் இரண்டே கட்சிகள். ஒன்றின் சின்னம் முறம், மற்றதன் சின்னம் உலக்கை. இரண்டும் ஒரே அரிசிக்கு வேண்டியவை என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

செக்கடித் தெருவில் கயிறு திரித்துப் பிழைத்த பொன்னுரங்கம், முப்பது வருஷமாக முறத்தார். கூட்டத்துக்குக் கொடிக்கயிறு அவர் வீட்டிலிருந்துதான் போகும். அவருக்கு ஒரே மகன். குழந்தையை மேடையில் தூக்கிக் கொடுத்தபோது தலைவர் வைத்த பெயர் முறவேந்தன். எதிர்வீட்டுக் காத்தவராயன் உலக்கையார். அவர் சும்மா இருப்பாரா? அந்த மாதமே தன் மகனைத் தன் தலைவரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, உலக்கைமணி என்று பெயர் வாங்கி வந்தார். பன்னிரண்டு வருஷமாக அப்பன்மார் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பிள்ளைகளுக்கோ ஒருவனை விட்டு ஒருவனுக்குச் சோறு இறங்காது.

நாட்டுக்குள் நீல மாவு வந்தது உலக்கை ஆட்சியில். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கவலை தெரியாது. நாலாவது மணியிலிருந்து வேறு எதுவுமே தெரியாது. தின்றவன் நாக்கு நீலமாகிவிடும், கழுவினாலும் போகாது. முறத்தார் கொதித்தெழுந்தார்கள். பத்து முழ நீலத்துணியில் ஒரு நாக்குச் செய்து ஊர்வலம் போனார்கள். அந்த நாக்கை முன்னால் ஏந்திப் போனவர் பொன்னுரங்கம். அந்த ஒரு நாக்காலேயே முறம் ஆட்சியைப் பிடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

பதவியேற்ற அன்றே முதல் ஆணை வந்தது: இன்று முதல் நீல மாவு ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டுவிட்டதால் தேடத் தேவையில்லை என்று காவலர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படியும் சிலர் நாக்கு நீலமாகவே இருந்தது. அது நாவற்பழத்தால் வந்தது என்று மந்திரி விளக்கினார். மாவு என்ற வதந்திக்கு இனி இடம் கொடுக்கக்கூடாது என்று, இரண்டாவது ஆணையின்படி சாலையோர நாவல் மரங்களையெல்லாம் வெட்டினார்கள். நிழல் போனது, நீலம் போகவில்லை. மூன்றாவது ஆணை, பொது இடத்தில் நாக்கை நீட்டக் கூடாது என்றது. வைத்தியர்கள் காய்ச்சல்காரன் நாக்கைப் பார்க்கப் பயந்து, தோராயமாகக் கஷாயம் கொடுத்தார்கள். தோராயமாகத்தான் பிழைத்தார்கள் ஜனங்களும்.

இதற்கெல்லாம் பொன்னுரங்கம் கைதட்டினார். வெட்டிய மரங்களை இழுக்கக் கயிறும் கொடுத்தார்.

முறத்தின் முதலாம் ஆண்டு வெற்றி விழா கழிந்து சில வாரம் இருக்கும். பொன்னுரங்கத்தின் மனைவி தையல்நாயகி, கொட்டாவி விட்ட மகனின் வாயைப் பார்த்துக் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள்.

"எப்பலேருந்துடா?"

வேந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெற்றி விழா அன்னிக்கும்மா. நானும் மணியும் ஊர்வலத்துக்கு முன்னால ஆடிக்கிட்டுப் போனோம். வண்டியில வந்தவங்க ஒரு பொட்டலம் குடுத்தாங்க. சும்மாதான் குடுத்தாங்க."

"எந்த வண்டிடா?"

"கொடி கட்டின வண்டிதான்."

பொன்னுரங்கம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. தன் கட்சி ஆட்சியில், தன் கட்சி விழாவில், தன் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடக்காது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். எதிரில் நின்ற மகனைவிட அந்த உறுதியைத்தான் அவர் அதிகம் நம்பினார்.

மாவு தின்றவர்களை மீட்க நகருக்கு வெளியே ஒரு மீட்பு மாளிகை கட்டியிருந்தார்கள். போன ஆட்சியில் கெட்டவர்களுக்கு மட்டும் அங்கே இடம். இந்த ஆட்சியில்தான் யாரும் கெடுவதில்லையே. பொன்னுரங்கம் தண்டாயுதத்தின் முன் போய் நின்றார்.

"மாண்புமிகு குடிமகனே, தங்கள் மகனின் நா எந்த ஆட்சியில் நிறம் மாறியது?"

"உலக்கை ஆட்சியிலங்க. சந்தேகமே இல்ல."

"சாட்சியம் எழுத்தில் வேண்டும்."

பொன்னுரங்கம் எழுதினார். எழுதியதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்காமலேயே இன்னொரு வரியையும் சேர்த்தார்: 'எதிர்வீட்டு உலக்கைமணியும் அதே நாளில் அதே பொட்டலத்தில்தான் தொடங்கினான்.' உலக்கைக்காரன் வீட்டுப் பிள்ளை உலக்கை ஆட்சியிலேயே கெட்டான் என்று அரசாங்கக் கோப்பில் ஏறட்டும் என்ற குஷி. வீடு திரும்பும்போது அவர் நடையில்கூட ஒரு மிடுக்கு இருந்தது.

சான்று கிடைத்துவிட்டது, மாளிகைதான் திறக்கவில்லை. தலைவர் நாடாவை வெட்ட நல்ல நேரம் அமையவில்லை. வாசலில் கட்டிய வாழைமரம் காய்ந்தது, புதிதாகக் கட்டினார்கள், அதுவும் காய்ந்தது. இப்படியே வருஷங்கள் ஓடின. வேந்தன் கம்புபோல் ஆனான். "என்னை எங்கியாவது கூட்டிட்டுப் போப்பா" என்று அவன் கெஞ்சும்போதெல்லாம், "தலைவர் தேதி குடுத்திருவார்டா" என்பார் பொன்னுரங்கம். எதிர்வீட்டில் மணி அதைவிட மோசம். "எம் பையன் முறத்து ஆட்சியிலதான் கெட்டான்" என்று காத்தவராயன் உண்மையைச் சொல்லிவந்தார். அந்த உண்மைக்கு அந்த ஆட்சியில் இடமில்லை.

தேர்தல் வந்தது. உலக்கை ஜெயித்தது. படம் திரும்பியது. நாக்கு நீட்டத் தடை கொடுங்கோன்மை என்று சொல்லி அதை நீக்கிவிட்டு, வாய்மூடல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். இனி எந்தக் குடிமகனையும் யாரும் வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. ஒரு நல்லதும் நடந்தது. புதுத் தலைவருக்கு உடனே நேரம் அமைந்து, மாளிகை திறக்கப்பட்டது.

காத்தவராயன் அன்றே மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்டாயுதத்திடம் போனார். இப்போது முறத்து ஆட்சிதானே போன ஆட்சி. உண்மையைச் சொன்னாலே போதும்.

தண்டாயுதம் கோப்பைப் பிரித்தார். "இதே உலக்கைமணி, முந்தைய உலக்கைப் பொற்காலத்தில் கெட்டதாக இங்கே சாட்சியம் இருக்கிறதே. நம் ஆட்சியில் யாரும் கெட்டதில்லை என்பது தாங்கள் அறியாததா? எழுதியவரே வந்து மாற்றி எழுதினாலன்றி, கோப்பை மீற எமக்கு அதிகாரமில்லை."

காத்தவராயன் இத்தனை வருஷத்துக்கப்புறம் தெருவைக் குறுக்கே கடந்து வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பொன்னுரங்கம், நீ எழுதினதத் திட்ட வரல. மாத்தி எழுதிக் குடு. ரெண்டு பேருக்கும் இடம் கெடைக்கும். எம் புள்ளைக்கு நாள் இல்லப்பா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் பொன்னுரங்கம்.

யோசிக்க என்ன இருந்தது? முறத்து ஆட்சியில், முறத்து விழாவில் என் மகன் கெட்டான் என்று தன் கையால் எழுத வேண்டும். அந்தத் தாளை நாளைக்கே உலக்கைக்காரர்கள் மேடைக்கு மேடை படிப்பார்கள். முப்பது வருஷக் கயிறு ஒரு வரியில் அறுந்துவிடும். விஷயம் தெரிந்து கட்சியிலிருந்தும் ஆட்கள் வந்து, "அண்ணே, அவசரப்பட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"உங்க தலைவரா வந்து இவன் வாந்திய அள்றாரு?" என்றாள் தையல்நாயகி. "நான் அள்றேன். எழுதுங்கன்னு நான் சொல்றேன்."

அவர் ஒன்பது நாள் யோசித்தார். பத்தாம் நாள் காலையில், மகன் பாயோடு சுருண்டு நடுங்குவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய், நடந்தது நடந்தபடி எழுதி நீட்டினார். எழுதி முடித்தபோது அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இதற்காகவா ஒன்பது நாள் என்றிருந்தது.

"திருத்தச் சாட்சியங்களை ஆராய ஒரு குழு அமைக்கப்படும்" என்று தண்டாயுதம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செக்கடித் தெருப்பக்கம் பறைச்சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் ஓடினார். எதிர்வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிச்சுப் போட்ட கயிறு அவர் வீட்டுக் கயிறு.

காத்தவராயன் அவரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தல்காலைப் பிடித்தார். ஏசியிருந்தால் பொன்னுரங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழு அமைக்கப்படவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காத்தவராயன் மறுபடி தெருவைக் கடந்து வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய், உதறிக்கொண்டிருந்த வேந்தனின் கால்களைத் தன் மடியில் எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தோளப் பிடி" என்றார் பொன்னுரங்கத்தைப் பார்த்து. "இவன் ஒருத்தனாவது மிஞ்சட்டும்."

நாற்பத்தோரு நாள் பிடித்தார்கள். தெருவில் முறை வைத்துக்கொண்டு கஞ்சி வந்தது. எந்த வீட்டுக் கஞ்சி எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. வேந்தன் கத்தினான், கடித்தான், அப்பனைக் கெட்ட வார்த்தையால் ஏசினான். ஒருநாள் காலையில் தெளிந்த குரலில், "மணிக்குக் கஞ்சி குடுத்தீங்களா?" என்று கேட்டான். பொன்னுரங்கம் வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

மெல்ல மெல்ல, சில வருஷங்களில் அவன் நாக்கு வெளுத்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. இல்லாத மாவிலிருந்து மீண்ட முதல் குடிமகன் அல்லவா? அடுத்த தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் செக்கடித் தெருவுக்குள் இரண்டு கட்சி வண்டிகளும் ஒன்றாக நுழைந்தன. முன்னால் தண்டாயுதம், கையில் மாலையும் புத்தம்புதுப் புத்தகமும்.

"அரசு கருணையோடு நலக்காலச் சான்று என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியுள்ளது. தங்கள் திருமகன் எந்த ஆட்சியில் நலம் பெற்றான்? ஒரு கையொப்பம் போதும்."

"எங்க ஆட்சியிலதானே இப்ப நடக்குது" என்றார்கள் உலக்கையார். "பேரே முறவேந்தன்யா, மீண்டது முறத்தோட ரத்தம்" என்றார்கள் முறத்தார். பொன்னுரங்கத்தின் முதுகில் பலர் தட்டினார்கள்.

பொன்னுரங்கம் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னால ஒண்ணு எழுதிக்குங்க. மணி யார் ஆட்சியில செத்தான்?"

தண்டாயுதம் பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். கெட்டவர்களுக்குக் கட்டம் இருந்தது, மீண்டவர்களுக்கும் கட்டம் இருந்தது.

"அதற்கு இதில் கட்டம் இல்லை" என்றார்.

"போட்டுக்கிட்டு வாங்க" என்றார் பொன்னுரங்கம். "அதுல எம் பேரையும் எழுதணும். ஒம்பது நாள் யோசிச்சவன்னு."

காத்தவராயன் வந்து அவர் பக்கத்தில் நின்றார். தையல்நாயகி வந்து நின்றாள். வேந்தன் வந்து நின்றான். வண்டிகளைத் திருப்ப அந்தத் தெருவில் அகலம் போதாமல் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் செக்கடித் தெருவுக்கு யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அந்த ஒரு கேள்விதான். முறத்தாரிடமும் அதே கேள்வி, உலக்கையாரிடமும் அதே கேள்வி. கொஞ்ச நாளில் கட்சி வண்டிகள் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திக்கொண்டன. குழிகளைத் தெருக்காரர்களே மூடிக்கொண்டார்கள், கல்வெட்டு வைக்க மறந்துவிட்டார்கள்.

இதில் ஒரு விநோதம். கட்சி வண்டிகள் நின்ற அதே மாதத்திலிருந்து அந்தத் தெருவுக்கு நீல மாவும் வரவில்லை. மற்றத் தெருக்களில் எப்போதும்போல் கிடைத்தது. விஷயம் சபைக்கு வந்தது. அறந்தழை நாட்டு வரலாற்றில் முதல்முறையாக முறத்தாரும் உலக்கையாரும் ஒரே பக்கமாகக் கை தூக்கி, ஒரு குரல்கூட எதிர்க்காமல் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்: செக்கடித் தெருவுக்கு மாவு ஏன் வரவில்லை என்பதை யாரும் விசாரிக்கக் கூடாது.