ஒரே ஒரு வெளியாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பிற்பகல் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. குளியலறைக்குள் இருப்பவர் என்ன செய்கிறார் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சமையலறையில் என்ன நடக்கிறது என்று அப்பாவிடம் சொல்லவில்லை. இரண்டையும் அத்தானிடம் சொல்லவில்லை. அவர் கூரைக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாரும் உடம்பளவில் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, பயிற்சி வகுப்பில் தூங்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ போட்ட நிபந்தனையை உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன், பிறகு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஆரம்பிக்காதே. உன் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய இணைய ஏலத் தளத்தில் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஒரு வெளியாள், சொந்தமில்லாத, சிநேகிதமில்லாத, பாவப்படாத ஒரே ஒரு வெளியாள், எதையாவது ஏலத்தில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திங்கள் காலை அவர் பழைய ஆபீசில் போய்ச் சேர வேண்டும், மேலாளரும் அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க மாட்டார். அத்தான் ஒப்புக்கொண்டார். 'ஒரு ஆள்தானே' என்றார்.

அந்த ஒரு ஆள் எவ்வளவு பெரிய கூட்டம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்பவர்கள் பெரிய தளத்துக்குப் போகிறார்கள், ஏனென்றால் வாங்குபவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாங்குபவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்றால், விற்பவர்கள் இருப்பதால். இந்த வட்டத்துக்குள் நுழைய வாசல் எங்கே என்று நானும் எத்தனையோ புத்தகங்களைப் புரட்டிவிட்டேன், எழுதினவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். அத்தானுடைய பதில் உனக்கே மனப்பாடம். "அவன் எல்லாத்தையும் 'புதுசு மாதிரி'ன்னு விக்கறான். நாம குறையை முதல்ல எழுதுவோம். அங்க ஏமாந்தவங்க எல்லாம் இங்க வருவாங்க. ஏமாந்தவங்களுக்கா பஞ்சம்?" அதனால் எந்தப் பொருளானாலும் முதலில் நம் வீட்டுக்கு வரும், அத்தான் சோதித்துப் பார்ப்பார், குறைகளை நான் எழுதுவேன். என்னைக் 'குறை மந்திரி' என்றுதான் கூப்பிடுகிறார். நான் எழுதியதைப் படித்தவர் யாரும் வாங்கவில்லை. சித்தப்பாவின் குடையை ('பெரிய மழை தாங்காது, சின்ன மழைக்குத் திறக்காது') அத்தை எடுத்தார், அதுவும் பாவப்பட்டு.

கடைசியாக வந்தது கீழ்வீட்டுப் பல் டாக்டரின் நாற்காலி. டாக்டர் தொழிலை முடித்துக்கொண்டார், நாற்காலி முடித்துக்கொள்ளவில்லை. நான்கு பேர் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள், சோபா நடைவழிக்குப் போனது, அப்பா செய்தி பார்ப்பது நின்றது. காலால் மிதித்தால் ஏறும். நான் எழுதினேன்: 'ஏறும். இறங்குவது அதன் இஷ்டம்.' அத்தான் சோதிப்பதற்காக ஞாயிறு மதியம் மடிக்கணினியோடு அதில் உட்கார்ந்து மிதித்தார். ஏறியது. பிறகு அதற்கு இஷ்டமில்லை. "பரவாயில்ல, இங்கேயிருந்து ஊரே தெரியுது" என்று அங்கேயே இருந்துவிட்டார்.

நாலரை மணி இருக்கும், மேலேயிருந்து ஒரு சத்தம். "குறை மந்திரி! ஒருத்தர் கேட்டுட்டார்! நாற்காலியை ஒருத்தர் கேட்டுட்டார்!" பெயர் 'நிதானம்'. நான் ஓடிவந்து பார்ப்பதற்குள் இன்னொருவர் அதற்கு மேல் கேட்டிருந்தார், பெயர் 'வெளியாள்'. அக்கா, ஒரு மனிதர் தனக்கு 'வெளியாள்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறார், அத்தானுக்குத் துளி சந்தேகமில்லை. "பாத்தியா, பேரே எவ்வளவு நேர்மை" என்றார். நிதானம் ஏற்ற, வெளியாள் ஏற்ற, விலை அத்தானைவிட உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாவு டப்பாவின் மூடிக்குள் போனை வைத்து, ஒரு விரலால் குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினாள். டப்பா 'டிங்' என்றது. கூடத்தில் அத்தான், "வெளியாள் விடமாட்டேங்கறார்!" என்று கத்தினார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு, "உப்பு தீந்துபோச்சா பாரு" என்றாள்.

அப்பா குளியலறைக்குள் போய் வெகுநேரமாகியிருந்தது. தண்ணீர்ச் சத்தமே இல்லை. கதவில் காதை வைத்தேன். "யாருடா நீ, விட்டுக்கொடுக்கவே மாட்டியா? உனக்கு எதுக்குடா பல் நாற்காலி?" என்று மெதுவாகத் திட்டுவது கேட்டது. மாப்பிள்ளைக்காக, பல் டாக்டர் பெயரைக் கேட்டாலே கன்னத்தைப் பிடித்துக்கொள்கிற மனிதர், பல் நாற்காலிக்காகத் தன் பென்ஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், எதிரே நிற்பது சமையலறையில் மாவு டப்பாவோடு இருக்கும் தன் பெண்டாட்டி என்று தெரியாமல்.

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். குறையை முதலில் சொல்வதுதானே எனக்குக் கொடுத்த வேலை? நடைவழியில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் நின்றுவிடும், இரண்டும் நின்றால் மேலே இருப்பவர் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால், ஒரு வேலை போகும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறுக்கு இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது மூன்றாவது ஆள் வந்தார். பெயர் 'மேசைவிளக்கு'. கணக்கு அந்த நிமிஷம் திறந்தது. விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: 'உண்மையாகவே இறங்காதா, அல்லது சும்மா எழுதியிருக்கிறீர்களா?' அத்தான் உடனே 'உண்மையாகவே இறங்காது, நானே மேலேதான் இருக்கிறேன்' என்று பதில் போட்டார். மேசைவிளக்கு ஒரே தாவாகத் தாவினார். நிதானம் நின்றுவிட்டது. வெளியாள் கடைசியாக ஒருமுறை முயன்று நின்றுவிட்டார். ஆறு மணி. மேசைவிளக்குக்குக் கிடைத்தது. முகவரி தானாகப் போனது. 'நேரில் வந்து பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்' என்று பதில் வந்தது.

குளியலறைக் கதவும் மாவு டப்பாவும் ஒரே நேரத்தில் திறந்தன. "மாப்ள! மூணு பேரா!" என்று அப்பா. "ஒண்ணு கேட்டா மூணு வருது பாருங்க" என்று அம்மா. அத்தான் ஸ்டூல் போட்டு இறங்கி வந்து என் தலையில் கைவைத்து, "குறை எழுதினது நீதான்" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஏனென்றால் மேசைவிளக்கு நீதான், அக்கா. போர்வைக்குள் மேசை விளக்கை இழுத்து வைத்துப் படித்து, போர்வையைக் கருக்கியது யார்? யார் எதைச் சொன்னாலும் 'உண்மையா, சும்மாவா' என்று முதலில் கேட்பது யார்? ஆறு மணிக்கு அத்தான் போன் செய்தபோது எடுக்காதது யார்? அடுத்த வாரம் நேரில் வரப்போவது யார்? நிபந்தனையை நீயே போட்டுவிட்டு, கடைசி நிமிஷத்தில் மனசு கேட்காமல் நீயே உள்ளே குதித்துவிட்டாய். எனக்குக் கோபமில்லை. உன்னை இவ்வளவு பிடித்துப்போனது இதுதான் முதல் தடவை.

ஆனால் இன்று காலை அத்தான் அதே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மேலாளருக்கு 'வரவில்லை' என்று எழுதி, அனுப்பப் போனார். மூன்று பேர் கேட்டார்கள், மூவரும் இந்தக் குடும்பம், அதை நம்பி ஒருவர் மாதச் சம்பளத்தை விடுகிறார். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், உன்னையும் சேர்த்து.

முதலில் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"நீயா அந்த வெளியாள்?" என்றார் அப்பா.

"நீங்களா நிதானம்?" என்றாள் அம்மா. "உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நான் கம்மி விலைக்கே எடுத்திருப்பேனே!"

"எடுத்து எங்க வெப்ப? சமையலறையிலயா?"

"உங்களை உக்கார வெச்சுப் பல்லைப் புடுங்குவேன்!"

அத்தான் எழுதியதை அழித்தார். நேற்றிலிருந்து அசையாத நாற்காலி அப்போதுதான் அசைந்தது. அவரைச் சுமந்துகொண்டு மெதுவாக, சத்தமே இல்லாமல், தரைக்கு இறங்கியது. எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் செருப்புப் போடும்போது, "தளத்தை மூடிடும்மா" என்றார். குறை மந்திரி என்று கூப்பிடவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன்.

ஆகவே அக்கா, இனி நீ நடிக்க வேண்டாம். அத்தானிடம் நீயே பேசு, நாற்காலிக்குப் பணம் எதுவும் அனுப்பாதே. சின்னவர்கள் பெரியவனை எதிர்க்க முடியுமா என்று இனி யாராவது கேட்டால், முடியாது, நாங்கள் பார்த்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். அப்பாவும் அம்மாவும் இந்த நிமிஷம் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனாலும் தனித்தனியாக உனக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: உன்னைப் பற்றி மேலே எழுதியது தவறு. கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் குறையோடு அனுப்புவதுதானே நம் வழக்கம்.

கடிதத்தை ஒட்டப்போகும்போது மணி அடித்தது. வாசலில், நிலைக்குத் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு மனிதர், கீழே ஒரு வேன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாராம். "நான்தாங்க மேசைவிளக்கு. கணக்கு தொறக்கப் பேரு கேட்டுச்சு, எதிர்ல அதுதான் இருந்துச்சு" என்றார். முதுகுவலி, குனிய முடியாது, உயரத்திலேயே நிற்கிற நாற்காலி தேடினாராம். பெரிய தளத்தில் 'புதுசு மாதிரி' என்று வாங்கியது வாடிக்கையாளரோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டதாம். "நீங்க ஒருத்தர்தாங்க இறங்காதுன்னு எழுதியிருந்தீங்க."

காலையில் அது இறங்கியதை நான் சொல்லவில்லை. அவர் மிதித்தார், ஏறியது. அப்பாவும் அம்மாவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். இறங்கவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டு, தளத்தில் எங்களைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுத வேண்டும், எங்கே எழுதுவது என்று கேட்டார். மூடிவிட்டோம் என்றேன். வேனோடு வந்த ஆட்களை விட்டு நாற்காலியைத் தூக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் ஒன்பது மணிக்கே வேலையில் சேர்ந்துவிட்டார்.