சூரியனை இரண்டு முறை படித்தவள்

நான்கு வருட இன்ஜினியரிங் படிப்பில் நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே புத்தகம், கல்லூரியின் விதிமுறைப் புத்தகம்தான். (பாடப் புத்தகங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒன்று. பாஸானால் அந்தப் பாடத்தின் கிரெடிட் நம் பெயரில் சேரும். அரியர் வைத்தால் சேராது. எட்டு செமஸ்டரிலும் சேர்த்து நூற்று அறுபது வந்தால் பட்டம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை வேறு யாரும் வாசிக்காததால், எங்கள் எலெக்ட்ரிகல் வகுப்புக்கு நான்தான் ஜோசியக்காரி. திருமங்கலத்திலிருந்து கிளம்பும் கல்லூரிப் பேருந்தில் கிரேடு ஷீட்டை ஜாதகம் போல நீட்டுவார்கள்.

"ஸ்டெல்லா, எனக்கு எம்புட்டு குறையுது?" என்பான் வகுப்புத் தோழன் முத்துப்பாண்டி.

"ஆறு. ரெண்டு எலெக்டிவ் எடு. பரிகாரம் அம்புட்டுத்தான்."

என் ஜாதகத்தை நானே எழுதிய லட்சணம் இது: ஐந்தாவது செமஸ்டரில் எங்கள் துறையில் 'சோலார் எனர்ஜி சிஸ்டம்ஸ்' படித்தேன். ஏழாவதில் வேறு துறைப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். மெக்கானிக்கலில் 'சோலார் பவர் இன்ஜினியரிங்' இருந்தது. முதல் யூனிட்டைப் பார்த்ததுமே பழைய நோட்டைத் தூசி தட்டி, அட்டையில் பெயரை மட்டும் மாற்றினேன். அதே சூரியன், அதே தகடு, அதே கேள்வி. இரண்டு முறையும் முதல் கிரேடு. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாவது செமஸ்டர் தொடங்கியதும் முதலாண்டு மாணவர்களின் பெற்றோர் கூட்டம் வந்தது. "கிரெடிட் பத்தி நீயே பேசிரும்மா" என்றார் துறைத் தலைவர். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த அப்பா அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் "எம் பொண்ணுதான்" என்று சொன்னது மேடை வரை கேட்டது.

உதாரணத்துக்கு யாருடைய கிரேடு ஷீட்டைக் காட்டுவது? உலகத்திலேயே குறையில்லாத ஷீட் ஒன்றுதானே உண்டு! என்னுடையதைத் திரையில் ஆளுயரத்துக்குப் போட்டு, வரி வரியாகக் கூட்டிக் காட்டினேன்.

"இந்த செமஸ்டரும் முடிஞ்சா சரியா நூத்தி அறுபது. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எல்லாம் பிளானிங்!"

கைதட்டல். முதலில் தட்டியது அப்பா.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி எழுந்தார்.

"தாயி, ஒரு சந்தேகம். எங்க தோட்டத்துல சோலார் மோட்டரு ஓடுது. அதுனால இங்கிலீசுல அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு நல்லா வாசிக்க வரும். அஞ்சாவதுலயும் சோலாரு இருக்கு, ஏழாவதுலயும் சோலாரு இருக்கு. ரெண்டும் வேற வேறயா?"

"ஆமாங்கய்யா. அது எனர்ஜி, இது பவர்."

"ரெண்டுக்கும் என்ன தாயி வித்தியாசம்?"

இரண்டு முறை முதல் கிரேடு வாங்கியவள் திரையில் பதிலைத் தேடினேன். "அதாவது… அது எங்க டிபார்ட்மெண்ட்டு. இது வேற டிபார்ட்மெண்ட்டு."

அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்த தேர்வுப் பிரிவு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே வந்தார். இரண்டு சிலபஸையும் போனில் தேடிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த விதிமுறைப் புத்தகத்தை வாங்கி, மைக்கிலேயே வாசித்தார்: "பாடப்பொருள் பெரும்பாலும் ஒன்றாக இருந்தால் கிரெடிட் ஒரு முறைதான்."

அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. போட்டவள் நான்தான். (முத்துப்பாண்டியை எச்சரிப்பதற்காக.)

"மூணு போச்சும்மா. நூத்தி அம்பத்தேழுக்குப் பட்டம் கிடையாது."

கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்திருந்த வேலை கண்முன் ஆவியாகிப் போனது. விவசாயிதான் பதறினார். "ஐயா, நான் சும்மாதேன் கேட்டேன். புள்ளைய விட்ருங்கய்யா!"

அப்பா மேடையேறி வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என் பக்கமே திரும்பாமல் அதிகாரியிடம் கேட்டார்: "புதுசா ஒரு பாடம் சேர கடைசி நாள் எப்ப சார்?"

"இன்னைக்குத்தான். நாலு மணி வரைக்கும்."

அப்போது மணி மூன்று. நானும் அப்பாவும் துறை துறையாக ஓடினோம். ஓரிடத்தில் இடமில்லை, இன்னோரிடத்தில் நேரம் இடித்தது. கடைசியில் சிவில் துறை மட்டும் எங்களை வரவேற்றது: 'திடக்கழிவு மேலாண்மை'. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பு, பாதி வகுப்பு குப்பைக் கிடங்கில். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா பேனாவை நீட்டினார்.

முதல் சனிக்கிழமை குப்பைக் கிடங்கு வாசலில் முத்துப்பாண்டி நின்றிருந்தான். யாரும் சேராத பாடம், சுலபமாகப் பாஸாகலாம் என்று அவனை அதில் சேரச் சொன்னதே நான்தான். கையுறையை நீட்டி, "வாங்க ஜோசியரே. பரிகாரத்துக்கா?" என்றான்.

அந்த மூன்று கிரெடிட்டும் வந்தன. பட்டமும் வேலையும்கூட வந்தன. ஆனால் இன்றும் எங்கள் வீட்டில் காலை இட்லி சாயங்காலம் உப்புமாவாக வந்தால், அப்பா தட்டைச் சற்றே தள்ளிவைப்பார்.

"இது காலையிலயே பாஸ் பண்ணுன பாடம்ல?"

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்வார்: "பேசாம சாப்பிடுங்க. இது வேற டிபார்ட்மெண்ட்டு."