மண்ணெண்ணெயில் கழுவிய பிரேக்

தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. கூச்சம். யார் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடிவிடும். (தலையாட்டி பொம்மை செய்கிற ஜில்லாவில் பிறந்த கோளாறு என்பாள் என் மனைவி.) இந்தத் தலை ஆடியதில் ஒரு வருஷம் எங்கள் ஊர்க் குறுவையே போயிற்று.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாவதோடு படிப்பை முடித்து, குத்தாலத்தில் ஒரு பாயின் பம்புசெட் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். அப்பா வயல் கூலி. கூலியை உயர்த்தச் சொல்லி சங்கம் அறுப்பை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது, மேலே ஐப்பசி மேகம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாயவரத்தில் தாசில்தார் முன் பேச்சுவார்த்தை. எங்கள் ஊர் மிராசுதார் வந்து கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். மத்தியானமே அரிவாளை எடுத்துவிடலாம்.

கழக ஆட்சி நில உச்சவரம்பைக் குறைத்திருந்த சமயம் அது. மிராசுதார் நிலத்தையெல்லாம் சமையல்காரர் பேர் வரைக்கும் பிரித்து எழுதிவிட்டார், தன் பேரில் மிஞ்சியது ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று ஊரில் பேச்சு. இரண்டே பேர் உட்காரலாம். சிவப்பு. தாயகம் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது.

வியாழக்கிழமை மிராசுதாரே அந்தக் காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பாய் நாகூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"மிதிச்சா பிரேக் புடிக்குது, காலை எடுத்தா விட மாட்டேங்குது. பாய் இல்லியா? நீ பாப்பியா?"

தலை ஆடியது.

"கார் பிரேக் பாத்திருக்கியா?"

அதற்கும் ஆடியது. (பார்த்திருந்தேன். ரோட்டில் போகும்போது.)

நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். உள்ளே துரு. எங்கள் தொழிலில் எது அழுக்கானாலும் மண்ணெண்ணெய்தான் தீர்த்தம். பிரேக்குக்குள் இருந்த ரப்பர்களையும் அதில் ஊறப்போட்டு, பளபளவென்று துடைத்தேன். திரும்ப மாட்டும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தன. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று குத்தி உள்ளே தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை காலை மிராசுதார், "நீயும் ஏறு. வழியில எதாவதுன்னா யாரு பாக்கறது?" என்றார். ஏறினேன். முதல் வளைவில் பிரேக் அருமையாகப் பிடித்தது. இரண்டாவதாக ஓர் ஆட்டுக்காக மிதித்தார். அதன் பிறகு ஏதோ கருகிய நாற்றம்.

"என்னப்பா வாடை?"

"புதுசா செஞ்சதுல்லிங்களா, அப்படித்தாங்க இருக்கும்."

மூன்றாவது, எதிரே வந்த வைக்கோல் வண்டி. கார் நின்றது. நின்றதுதான். என்ஜின் கத்தியது, கார் நடுங்கியது, நான்கு சக்கரத்திலும் புகை. வாய்க்கால் பாலத்துக்கு நடுவில் நாங்கள்.

பின்னாலேயே சங்கக் கொடியோடு நாற்பது பேர் மாயவரத்துக்கு நடந்து வந்தார்கள். முன்னால் அப்பா.

"பாலத்த மறிச்சு நிறுத்திருக்காரு பாருங்க," என்றார் ஒருவர்.

"நான் நிறுத்தலைப்பா. அதுவா நின்னுடுச்சு."

"அதுவா நிக்க அது என்னங்க, சண்டி மாடா?"

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். "நீ என்னடா இதுல ஒக்காந்திருக்க?"

"பிரேக்கு... நான்தாம்ப்பா பாத்தேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். "ஒனக்கு அது தெரியுமாடா?"

"ஐயா கேட்டாரு. தலையாட்டிட்டேன்."

தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. கடைசியில் பன்னிரண்டு பேர் சாமி தூக்குவதுபோல் தூக்கிப் பாலத்தைத் தாண்டி ஓரத்தில் வைத்தார்கள். மிராசுதார் உள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார், பழக்கதோஷம். பிறகு வேறு வழியில்லாமல் அவரும் கொடிக்குக் கீழே எங்களோடு நடந்தார்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. கலெக்டர் கூப்பிட்டாரென்று தாசில்தார் கிளம்பிவிட்டிருந்தார். கொடியோடு நடந்து வந்த மிராசுதாரைப் பார்த்து மற்ற மிராசுதார்கள், "அண்ணன் அந்தப் பக்கம் போயிட்டாரு," என்று முறைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சுவார்த்தை செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது.

சனிக்கிழமை மழை பிடித்தது. அது என் பிரேக்கைப் போலத்தான், பிடித்தது விடவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அறுத்தார்கள். கதிரிலேயே நெல் முளைவிட்டிருந்தது. கூலி கூடியது. கூடிய கூலியை முளைத்த நெல்லாகவே அளந்தார்கள்.

பாய் நாகூரிலிருந்து வந்து கேட்டார்: "பம்புசெட்டு மாதிரி கழுவினியா? பிரேக் ரப்பர் மண்ணெண்ணெய குடிச்சா உப்பிப்போவும்டா. உப்பினது எப்படித் திரும்பி வரும்?" இதற்கும் தலையாட்டினேன்.

அப்பா சாகும்வரை எல்லா விசேஷத்திலும் இதைச் சொல்வார். "நாப்பது பேரு மூணு வாரம் கத்துனோம், மிராசுதாரு நிக்கல. எம் மவன் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில நிறுத்திட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். முளைத்த நெல்லை மட்டும் சொல்லமாட்டார். அந்த இடம் வரும்போது வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்கக் காரில் வந்தார்கள். பையனின் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க மெக்கானிக்காமே. வண்டில பிரேக்கு லேசா ஒட்டுதுங்க, ஒரு பார்வை பாக்கறீங்களா?" என்றார்.

சமையல்கட்டிலிருந்து என் மனைவி வந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் என் முகவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியாதுங்க," என்றாள்.

அவள் கைக்குள் என் தலை ஆடத்தான் பார்த்தது.