நானே நேரில் வருகிறேன்

நானூற்றுப் பதினொரு பேர் மாறிவிட்டார்கள். ஒரே ஒருவர் மாறவில்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, கணினித் திரையில் மீதமிருந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளியை முரளி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே பட்டப்பகலில் பனிமூட்டம் இறங்கி, எதிரே இருந்த டீக்கடையையும் அதன் பக்கத்தில் நின்ற பஸ்ஸையும் சேர்த்து விழுங்கியிருந்தது.

கொல்லிமலை மிளகு விவசாயிகள் சங்கத்தின் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களுக்கும் மழை எச்சரிக்கை, லாரி வரும் நேரம், மருத்துவ முகாம் தேதி எல்லாம் 'தூது' என்ற செயலி வழியாகத்தான் போகும். அந்தச் செயலியை நடத்தும் சேலத்து நிறுவனம் இப்போது புதிய பதிப்பைக் கொண்டுவந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணியோடு பழைய பதிப்பு நிற்கும். அதற்குள் மலை முழுவதையும் மாற்றிவிட்டால் முரளிக்கு வேலை நிரந்தரம். ஒருவர் விடுபட்டாலும், இன்னொரு வருடம் தற்காலிகம்.

வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. கல்யாணமும் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் தாமரைச்செல்வியின் அப்பா மாரப்பன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "உத்தரவுத் தாளைக் கொண்டாங்க மாப்பிள்ளை, அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். தாளு வரலைன்னா, மாப்பிள்ளைங்கற வார்த்தையை நான் திருப்பி வாங்கிக்கறனுங்க."

முரளி இந்த நாற்காலிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஐந்து வருடம் அதில் உட்கார்ந்திருந்தவர் அர்த்தனாரி என்ற தனிக்கட்டை. அவர் ஏன் போனார் என்று முரளி யாரையும் கேட்கவில்லை. காலி நாற்காலி கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவன் அதையெல்லாம் கேட்பதில்லை. சேலத்து மேலாளர் சசிகுமாரும், "நிரந்தரம் ஆகட்டும், உனக்குன்னு தனிக் கணக்கு போட்டுத் தரேன். அதுவரைக்கும் அர்த்தனாரி கணக்குலயே வேலை பாரு" என்று கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி.

சும்மா சொல்லக்கூடாது, முரளி நன்றாகத்தான் திட்டம் போட்டான். நாடு என்று மலையில் சொல்லும் ஊர்த்தொகுதிகளில் எந்த நாட்டில் எந்த நாள் முகாம், யார் வீட்டில் பழைய கைப்பேசி, யாருக்கு எழுதப் படிக்க ஆள் வேண்டும் என்று நாற்பது பக்கம். ஒன்றும் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினான்:

'வணக்கம். நீங்கள் இன்னும் பழைய பதிப்பில் இருப்பது எனக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மாறிவிடுங்கள். மாறாதவர்களின் வீட்டுக்கு நானே நேரில் வருகிறேன்.'

கடைசி வரி ஒரு மரியாதைக்காகச் சேர்த்தது. பத்தே நிமிடத்தில் சிவப்புப் புள்ளிகள் பச்சையாக ஆரம்பித்தன. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் மலையே பச்சை.

"அடிவாரத்துல மூணு மாசமா கெஞ்சிட்டிருக்கோம், பாதிப்பேர் மாறலை. நீ என்னப்பா பண்ணினே?" என்று சசிகுமாரே போனில் வாய் பிளந்தார்.

"அன்பா சொன்னேன் சார்" என்றான் முரளி. அன்று அவனுக்குத் தன் எழுத்தின் மேல் ஒரு மரியாதை பிறந்தது.

இப்போது இந்த ஒருவர். முரளி அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தான். "பூங்குழலி, பெரக்கரை நாட்டுல செல்லமுத்துன்னு ஒருத்தர். யாருங்க அது?"

சங்கத்தின் எழுத்தர் பூங்குழலி உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே பேரேட்டைப் புரட்டினாள். இரண்டு நாளாக அவள் இந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை. நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலை வேறு செருகியிருந்தாள்.

"நான் வாசலூர்பட்டிங்க, அந்தப் பக்கத்து ஆளுங்களைத் தெரியாது. ஆனா பேரேட்டுல 'காலமானார்'னு எழுதியிருக்குதுங்க சார். போன வருசம்."

"செத்தவரா இன்னும் பழைய பதிப்புல இருக்கார்?" என்று முரளி சிரித்தான். சிரித்தபடியே திரையைப் பார்த்தான். செல்லமுத்துவின் பெயருக்குக் கீழே, 'இப்போது இணைப்பில் உள்ளார்' என்று இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏனுங்க சார், உங்களுக்கும் செய்தி வந்துச்சுங்களா?" என்று பூங்குழலி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எந்தச் செய்தி? மாறச் சொல்லியா? எனக்கு ஏன் வரப்போகுது?"

"குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

இறந்தவர் கணக்கு என்றால் அழித்துவிட்டால் போயிற்று. முரளி அழிக்கும் பொத்தானை அழுத்தினான். தூது நல்ல மரியாதையுள்ள செயலி, சொல்லாமல் யாரையும் அழிக்காது. 'உங்களை நீக்கப் போகிறோம். சம்மதமா?' என்று அந்த எண்ணுக்கு அதுவே கேட்டது.

அரை நிமிடத்தில் பதில் வந்தது.

'சம்மதம் இல்லீங்க. எனக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு. நான் இப்ப வரமாட்டேன்.'

முரளி உடனே சசிகுமாரைக் கூப்பிட்டான்.

"சார், செத்துப்போனவர் பதில் போடறார்."

"செத்தவரோ இருக்கறவரோ, பழைய பதிப்புல இருக்காரா இல்லையா?"

"இருக்கார் சார்."

"அப்ப மாத்து. ஊர்க்காரங்க கிட்டச் சொல்லு, அவங்க பாத்துப்பாங்க."

மேலாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முரளி உடனே நானூற்றுப் பதினொரு பேருக்கும் எழுதினான்: 'உங்களில் ஒருவர் மட்டும் பாக்கி. பெரக்கரை நாட்டுச் செல்லமுத்து. அவரை எப்படியாவது என்னிடம் அனுப்பிவையுங்கள்.'

வியாழக்கிழமை காலை அவன் வந்தபோது அலுவலக வாசலில் ஏழு எலுமிச்சம்பழங்கள் குங்குமம் தடவிக் கிடந்தன. ஒரு பூசணிக்காய் உடைபட்டிருந்தது. டீக்கடை பூட்டியிருந்தது. ஒன்பது மணி பஸ் ஓட்டுநரும் நடத்துநருமாக மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து, யாரையும் ஏற்றாமல் பனிக்குள் போனது. நடத்துநர் கூட அலுவலகப் பக்கம் திரும்பாமல் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லமுத்துவின் ஆவிக்கு மலையே நடுங்குகிறது என்று முரளிக்குப் புரிந்துபோனது. அவனுக்கும் நடுக்கம்தான். ஆனால் மாரப்பனை நினைத்தபோது அந்த நடுக்கம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. தூது வழியாகவே அந்த எண்ணை அழைத்தான்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"ஐயா, செல்லமுத்துங்களா?"

பதிலுக்கு ஒரு பூசை மணி கணகணவென்று விடாமல் ஒலித்தது. நடுவே ஒரு பெண் அழும் சத்தம். பிறகு, கரகரத்த ஓர் ஆண் குரல்: "நீங்க அங்கயே இருங்க. இந்தப் பக்கம் வராதீங்க." இணைப்பு அறுந்தது.

முரளி நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினான். புள்ளி முதலில் பெரக்கரை நாட்டில் ஒரு வீட்டில் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நகர்ந்தது. மலைப்பாதை வழியாக வந்து, ஓர் ஓடையைத் தாண்டி ஓரிடத்தில் நின்றது.

"பூங்குழலி, ஓடைக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"

"சுடுகாடுங்க சார்."

புள்ளி சுடுகாட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனது.

முரளி அன்று மதியம் சாப்பிடவில்லை. வேலையை உதறிவிட்டு மலையிறங்கிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தான். சாயங்காலம் தாமரைச்செல்வி கூப்பிட்டாள். "அப்பா பந்தல்காரர்கிட்டப் பேசிட்டாருங்க. நாளைக்கு மதியம் நல்ல சேதி சொல்லுவீங்கல்ல?" அவள் குரலைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்தது. "சொல்லுவேன் கண்ணு" என்றான்.

போனை வைத்த சூட்டோடு செல்லமுத்துவுக்குக் கடைசியாக ஒரு செய்தி தட்டினான். 'நாளை காலை பதினொன்றரைக்கு நானே நேரில் வருகிறேன். தயாராக இருங்கள்.'

இந்த முறை பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை முரளி சட்டைப்பையில் இரண்டு எலுமிச்சம்பழங்களைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். மணி பதினொன்று. முன்விளக்கு போட்டும் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. இருபக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் அடர்ந்து ஏறியிருந்தன. பறிக்க ஒரு ஆள் இல்லை. சாத்தி வைத்த ஏணிகள் மட்டும் பனியில் நனைந்தபடி நின்றன. கடந்துபோன ஒவ்வொரு வீட்டிலும் கதவு அடைத்து, வேப்பிலை கட்டியிருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. முரளி தனக்குத் துணையாக ஒரு பாட்டை முனகிப் பார்த்தான். பனிக்குள் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டதால் நிறுத்திக்கொண்டான்.

கடைசி வீட்டு வாசலில் குறுக்கே திருநீற்றால் மூன்று கோடுகள் போடப்பட்டிருந்தன. முரளி கதவைத் தட்டினான்.

"உள்ள யாருங்க?"

"யாருமில்லீங்க" என்றது ஓர் ஆண் குரல்.

"செல்லமுத்து ஊடு இதுதானுங்களே?"

"இதுதானுங்க. ஆனா அவரு செத்துட்டாருங்க. பேரேட்டைப் பாருங்க, எழுதியிருக்கும்."

"அப்ப நீங்க யாருங்க?"

"செல்லமுத்துங்க" என்றது குரல், வேறு வழியில்லாமல்.

முரளிக்கு ஓடவேண்டும் என்று தோன்றியது. அதற்குள் கதவு ஒரு விரற்கடை திறந்தது. நரைத்த மீசையோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. முரளி முதல் காரியமாக அவர் பாதங்களைப் பார்த்தான். அவரும் முதல் காரியமாக முரளியின் பாதங்களைத்தான் பார்த்தார். இரண்டு பேருக்கும் கால் தரையில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.

"நான் சங்க ஆபீஸ்ல இருந்து வாரனுங்க. பேரு முரளி" என்றான்.

"உசுரோட ஒரு ஆளு வந்தீங்களே சாமி!" என்று செல்லமுத்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். "பொன்னாயி, வெளிய வா. ஆபீஸ்காரரு வந்திருக்காரு. நல்ல மனுசனாட்டந்தான் தெரியுது."

அவர் மனைவி பொன்னாயி, கையிலிருந்த பூசை மணியைக் கீழே வைக்காமலே வந்தாள்.

"ஐயா, நீங்க ஏனுங்க பேரேட்டுல செத்திருக்கீங்க?" என்று முரளி கேட்டான்.

செல்லமுத்துவின் முகத்தில் வெட்கம் வந்தது. "அந்தத் தூதுல பொழுது விடிஞ்சா நூறு பூப்படம், நூறு காலை வணக்கம் சாமி. ஏணி மேல ஏறி நிக்கறப்பக்கூட டிங்கு டிங்குன்னு அடிக்கும். நிறுத்தணும்னா ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும்னாங்க. காரணம்னு போட்ட எடத்துல ஒண்ணே ஒண்ணுதான் அச்சடிச்சிருந்தாங்க, 'காலமானார்'னு. வேற வழி? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். பூப்படம் நின்னுபோச்சு. மழைச் சேதி மட்டும் வரும். எங்க நாட்டுல இன்னும் ஆறேழு பேரு அப்படிச் செத்திருக்காங்க. ஆனா அந்தப் பொய்யை நெனச்சு இந்த நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலைங்க."

"அப்ப ஏன் மாறமாட்டேன்னீங்க?"

"எப்படிங்க மாறுவேன்? பொய்யா எழுதினவன், அந்தப் பொத்தானை அமுக்குனா நெசமாவே கூட்டிட்டுப் போயிருவாங்களோன்னு பயம். கொடியில மிளகு பழுத்து நிக்குது. பொண்ணு கல்யாணத்தைப் பாக்கணும்."

முரளிக்கு அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. கடிகாரம் பதினொன்று ஐம்பதைத் தாண்டியிருந்ததால் மீதிப் பாதியைப் பிறகு புரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கைப்பேசியை வாங்கினான். பொத்தானை அழுத்தும்போது கணவனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. சின்னச் சக்கரம் சுற்றியது. பதினொன்று ஐம்பத்தேழுக்குச் செல்லமுத்து பச்சையானார்.

நானூற்றுப் பன்னிரண்டு.

சசிகுமார் போனில் கத்தினார். "திங்கட்கிழமை உத்தரவு உன் கையில! தனிக் கணக்கும் போட்டுடறேன்!" முரளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். மாரப்பன் முகமும், பந்தலும், தாமரைச்செல்வியின் குரலும் சேர்ந்து வந்து அவன் கண்ணை மறைத்தன. பொன்னாயி தந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். இவ்வளவு நல்ல மனிதர்களைப் போய்ப் பேயென்று நினைத்தோமே என்று அவனுக்குத் தாங்கவில்லை.

"அம்மா, இனிமே இந்த மலைக்கு நான்தான் நிரந்தரம். தூதுல எந்தக் குறை இருந்தாலும் கூச்சப்படாம சொல்லுங்க, செஞ்சு தாரேன்" என்றான் மனம் நெகிழ்ந்து.

பொன்னாயி பூசை மணியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பினாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சாமி. ஐப்பசியில நாங்களே தூக்கிட்டுப் போயி ஓடைக்கு அந்தப் பக்கம் அடக்கம் பண்ணின அர்த்தனாரி சாரு, இனிமே 'நானே நேரில் வருகிறேன்'னு யாருக்கும் சேதி அனுப்பாம மட்டும் பாத்துக்கங்க."